கடல் கடந்த கல்லறை: இரங்கூனில் பகதூர் ஷாவின் அடக்கத்தலமும் தூத்துக்குடிக் கரையின் நினைவும்

தோற்ற அரசனை வென்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குக் காலனிய ஆட்சியின் வரலாறு பெரும்பாலும் இரண்டு விடைகளைத் தருகிறது: ஒன்று, எல்லாரும் காணத் தூக்கிலிடுவது, மற்றது, யாரும் காண முடியாத தொலைவுக்குக் கடல் கடத்திவிடுவது. திருநெல்வேலிச் சீமை இவ்விரண்டையும் மூன்றாண்டுக்குள் கண்டது. 1799 அக்டோபர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர், அதாவது படை வைத்துக்கொண்டு வரி திரட்டும் உரிமையோடு ஒரு வட்டாரத்தை ஆண்ட தலைவர், வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் ஒரு புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். பிற பாளையக்காரர்கள் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று வரவழைத்து நிறுத்தப்பட்டிருந்தனர். அடுத்த எழுச்சியும் 1801இல் அடக்கப்பட்டு, மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்ட பிறகு, எஞ்சிய முதன்மையானவர்கள் 73 பேர் 1802 பிப்ரவரி 11 அன்று தூத்துக்குடியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். வேலு நாச்சியாரின் மருமகனான சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையணத் தேவரும், சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் அவர்களில் இருந்தனர்.

தூக்குத் தண்டனை ஓர் உயிரை முடிப்பதோடு ஓர் இடத்தையும் உண்டாக்கிவிடுகிறது என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் விரைவிலேயே உணர்ந்திருக்க வேண்டும். கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தைக் கடந்துசென்றவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போனதால் அங்கே கற்குவியல் ஒன்று எழுந்ததாகச் சொல்லும் மரபு அவ்வட்டாரத்தில் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஊரின் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கிய ஆட்சியால் அந்தக் கற்குவியலைத் தடுக்க முடியவில்லை. கடல் கடத்தப்பட்டவனுக்கோ அப்படியொரு இடம் சொந்த மண்ணில் அமையாது. இறந்தாலும் அவனுடைய உடலைச் சுற்றிக் கூடுவதற்கு அவனுடைய மக்கள் அங்கே இருக்க மாட்டார்கள். நாடுகடத்தல் என்பது உயிரோடிருக்கும் தலைவனை அகற்றும் ஏற்பாடு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவனுடைய கல்லறையை முன்கூட்டியே அகற்றும் ஏற்பாடாகவும் அதைப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது, பொய்த்த இடத்தில் அதைப் பொய்க்கச் செய்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அது மிகத் தெளிவாகப் பொய்த்த இடம் பர்மாவின் இரங்கூன், இன்றைய யாங்கோன். முகலாய மரபின் கடைசி அரசர் பகதூர் ஷா ஜாபர் 1857 மே மாதம் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்களால் எழுச்சியின் தலைவராக அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தில்லிச் செங்கோட்டைச் சுவருக்கு வெளியே ஆட்சியதிகாரம் எதுவும் இல்லாதவராகவும், கம்பெனியின் ஓய்வூதியத்தில் வாழ்ந்தவராகவும், போரைவிடக் கவிதையில் நாட்டம் மிக்கவராகவும் அவர் இருந்தார். படைத்தலைவராக அவர் செய்தது குறைவு. ஆயினும் வெவ்வேறு சமயத்தையும் சாதியையும் சேர்ந்த சிப்பாய்கள் ஒரு பெயரின் கீழ் ஒன்றுகூட வேண்டியிருந்தபோது அவருடைய பெயரைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தோன்றவில்லை என்பதிலேயே அவருடைய வரலாற்று இடம் அமைந்திருக்கிறது. செப்டம்பரில் தில்லி வீழ்ந்தது. ஹுமாயூன் கல்லறையில் தஞ்சம் புகுந்திருந்த அரசர் சரணடைந்தார். மறுநாள் அவருடைய இரண்டு மகன்களும் ஒரு பேரனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1858 ஜனவரி 27 முதல் மார்ச் 9 வரை செங்கோட்டையில், தம் சொந்த அரண்மனையிலேயே விசாரிக்கப்பட்ட அவர், அக்டோபரில் தில்லியை விட்டு வெளியேற்றப்பட்டு டிசம்பரில் இரங்கூன் சேர்ந்தார்.

அங்கே நான்கு ஆண்டுகள் ஸ்வேடகோன் பகோடாவுக்கு அருகே, படைவீரர் காவலில் இருந்த ஒரு மரவீட்டில் குடும்பத்தோடு அடைபட்டிருந்த அரசர், 1862 நவம்பர் 7 வெள்ளிக்கிழமை அதிகாலையில் தம் 87ஆம் வயதில் இறந்தார். அன்று மாலையே காவல் வளாகத்தின் பின்புறத்தில் செங்கல் கட்டிய குழியில் அடக்கம் நடந்தது. உடன் நின்றவர்கள் இரண்டு மகன்களும் ஒரு பணியாளும் மட்டுமே. குழியை மூடி, மேட்டை எழுப்பாமல் தரையோடு தரையாகச் சமன்செய்து, புல் பதித்தார்கள். சுற்றிலும் கொஞ்சத் தொலைவு விட்டு மூங்கில் வேலி போடப்பட்டது. காவல் பொறுப்பிலிருந்த கேப்டன் நெல்சன் டேவிஸ் அதன் நோக்கத்தைத் தம் அறிக்கையில் ஒளிவின்றியே எழுதினார்: மூங்கில் மட்கி விழும் காலத்தில் புல் எங்கும் பரவிவிட்டிருக்கும், முகலாயரின் கடைசி அரசர் படுத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்ட எதுவும் மிஞ்சியிராது. ஒரு மனிதனின் கல்லறையை மறக்கச் செய்வதற்கான வேலைத்திட்டம் இவ்வளவு நிதானமாக எழுதப்பட்டிருப்பது அரிது.

திட்டம் நாற்பது ஆண்டுகள் வென்றது. 1903இல் இந்தியாவிலிருந்து சென்ற சிலர் அஞ்சலி செலுத்த இடம் தேடியபோது உறுதியாகக் காட்ட யாருமில்லை. அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால் சட்டப்படி அவர்கள் அயல்நாட்டுப் பயணிகள் அல்லர் (1937 ஏப்ரல் 1 அன்றுதான் பர்மா தனியே பிரிக்கப்பட்டது). ஆனால் கடல் நடுவே இருந்தது, மொழி வேறாக இருந்தது, தேடிச் சென்றது தங்கள் நாட்டுக்குரிய ஒருவரின் கல்லறை. 1905இல் இரங்கூன் முஸ்லிம்கள் கூடி, இடத்தை அடையாளப்படுத்த வேண்டுமென்று அரசிடம் கேட்டனர். அங்கே எதையாவது எழுப்பினால் அது புண்ணியத்தலமாகிவிடும் என்ற அச்சம் அரசின் மறுப்பில் வெளிப்பட்டது. கூட்டங்களும் செய்தித்தாள் எழுத்துகளும் தொடரவே, 1907இல் அரசு இறங்கிவந்து, தில்லியின் முன்னாள் அரசர் இந்த இடத்துக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார் என்று பொறித்த எளிய கற்பலகை ஒன்றுக்கும் ஒரு கம்பி வேலிக்கும் இசைந்தது. 1925 அளவில் அந்த வேலி தகரக் கூரை வேய்ந்த சிறு தர்காவாக வளர்ந்திருந்தது. தர்கா என்பது இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்தைச் சுற்றி அமையும் வழிபாட்டிடம். சூஃபி நெறியில் ஈடுபட்டுச் சீடர்களையும் ஏற்றிருந்த பகதூர் ஷாவை இரங்கூன் மக்கள் அரசராக மட்டுமின்றி ஞானியாகவும் கருதத் தொடங்கிவிட்டனர்.

இந்த மாற்றத்தை அரசியல் வரலாறு எழுதுவோர் பலர் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றனர். உண்மையில் எல்லாம் இங்கேதான் தீர்மானமாயிற்று. கல்லறையைக் காத்தவர்கள் எவரும் தில்லியிலிருந்து வந்தவர்கள் அல்லர். இரங்கூனில் கடை வைத்திருந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் வந்து விளக்கேற்றியவர்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இந்தியர் பத்து இலட்சத்துக்கும் மேல். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. செட்டிநாட்டு வட்டிக்கடைகளும் தமிழ்க் கூலித் தொழிலாளரும் ஆந்திர, வங்காளத் தொழிலாளரும் குஜராத்தி வணிகரும் அந்நகரை நிறைத்திருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் கீழ்த்திசை நாடுகளில் ‘சூலியா’ என்று அழைக்கப்பட்டனர். இரங்கூனின் சோலியா பள்ளிவாசல் அவர்கள் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. உருதுக் கவிஞரான அரசரின் மொழி இவர்களில் பலருக்குத் தெரியாது. தர்காவின் நடைமுறை மட்டும் இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதாக இல்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஆறுமுகநேரியும் காயல்பட்டினமும் திருச்செந்தூரும் அடுத்தடுத்து அமைந்த முத்துக்குளிக் கரையைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். உப்பளங்களும் பனங்காடுகளும் சூழ்ந்த ஆறுமுகநேரிக்கு அண்டை ஊரான காயல்பட்டினத்தில் இறைநேசர் அடக்கங்களும், அவற்றுக்கான ஆண்டு விழாவான கந்தூரியும் வாழ்க்கையோடு கலந்தவை. தெற்கே மணப்பாட்டில் 1540களில் தங்கிப் பணியாற்றிய புனித சவேரியாரின் உடல் கோவாவில் இருப்பதால், இக்கரையின் பரதவர்களுக்கு அது தொலைவிலிருக்கும் தம்மவர் கல்லறை. கோவா 1961 வரை போர்த்துகீசிய ஆட்சியில் இருந்தது. ஆகவே நூற்றாண்டுக் கணக்கில் அவரைக் காணச் செல்வது அயல்நாட்டுப் பயணமாகவே இருந்தது. இன்னும் பழைய காலத்தில், போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டிப் படையல் இட்டதும், இறந்த அரசரை அடக்கம் செய்த இடத்தின்மேல் பள்ளிப்படை என்ற பெயரில் கோயில் எழுப்பியதும் தமிழ் நிலத்தின் வழக்கங்கள். தொண்டைமானாட்டில் ஆதித்த சோழனுக்கு அவன் மகன் பராந்தகன் எடுப்பித்த பள்ளிப்படை அவற்றுள் ஒன்று. இறந்த தலைவரின் இடத்துக்கு நடந்துசென்று நிற்பது இம்மக்களுக்கு மேலைநாட்டுச் சுற்றுலாவோ அரசு மரியாதையோ கற்பித்த பழக்கம் அன்று.

கடலோடிய தமிழ் முஸ்லிம்கள் இதில் இன்னொரு படியும் சென்றனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் நாகூர் தர்காவின் நேர்வடிவங்களை எழுப்பினர். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் உடல் அங்கே இல்லை. ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள் நின்று வேண்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவே. உடல் இருந்தும் அடையாளம் மறைக்கப்பட்ட இரங்கூனையும், உடல் இல்லாமலே அடையாளம் எழுப்பப்பட்ட சிங்கப்பூரையும் சேர்த்து நோக்கினால், அடக்கத்தலம் ஒன்று நிலைப்பதற்கு எலும்பைவிட அண்டையில் குடியிருப்போர் முதன்மையானவர்கள் என்பது தெரியவரும்.

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியபோது திருச்செந்தூர் வட்டாரம் தமிழகத்தின் மிகக் கொந்தளிப்பான பகுதிகளில் ஒன்றாக இருந்தது. ஆறுமுகநேரியைச் சேர்ந்த கே. டி. கோசல்ராம் போன்ற இளைஞர்கள் அதில் முன்னின்றனர். செப்டம்பர் 20 அன்று குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் நடந்த மோதலில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் இருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நிறைவேற்றப்படாமல் மாற்றப்பட்டது. அதே ஆண்டு பர்மாவை ஜப்பான் கைப்பற்றியதால் ஐந்து இலட்சம் அளவிலான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்ப முயன்றனர். வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம். ஆகவே இரங்கூன் கல்லறையைக் காத்துவந்த சமூகமே பெருமளவு சிதறிவிட்டிருந்த நேரத்தில்தான் அக்கல்லறை தன் வரலாற்றின் பெரிய நாளைக் கண்டது.

1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்ற சுபாஷ் சந்திர போஸ், செப்டம்பர் 26 அன்று இரங்கூனில் பகதூர் ஷாவின் அடக்கத்தலத்தில் படையினரோடும் பொதுமக்களோடும் அஞ்சலி செலுத்தினார். சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அவர் அறிவித்தது அதற்குப் பிறகு, அக்டோபர் 21 அன்றுதான். அரசை அறிவிக்கும் முன் கல்லறைக்குச் சென்ற வரிசை தற்செயலானதாகத் தோன்றவில்லை. படையின் இலக்கு தில்லி. தில்லியில் இலக்கு செங்கோட்டை. செங்கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட கடைசி அரசர் படுத்திருந்ததோ படை புறப்படவிருந்த நகரில். போஸின் உரைகளைக் கேட்டுச் சேர்ந்தவர்களில் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பெருந்தொகையினர். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்களே மிகுதி. தாய்நாட்டைக் கண்ணால் காணாமலே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவர்களில் பலருக்கு, இந்தியா என்ற நாட்டின் தொட்டுப் பார்க்கக்கூடிய முதல் துண்டாக இருந்திருக்கக்கூடியது இரங்கூனின் அந்தத் தகரக் கூரைதான். 1944 ஜூலையில், இம்பால் முற்றுகை தோல்வியில் முடிந்துகொண்டிருந்த வேளையில், போஸ் மறுபடியும் அதே இடத்தில் உரையாற்றினார். போர் முடிந்தபின் அப்படையின் அதிகாரிகளை 1945 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு செங்கோட்டையில் நிறுத்தி விசாரித்தது. பகதூர் ஷாவை விசாரித்த கோட்டையையே மீண்டும் தேர்ந்ததன் மூலம் போஸ் கல்லறையில் இழுத்த கோட்டினை அரசும் தன்னையறியாமல் முழுமையாக்கிற்று.

போஸ் மலர் வைத்த இடத்தில் பகதூர் ஷா இல்லை என்பது அரை நூற்றாண்டு கழித்துத் தெரியவந்தது. 1991 பிப்ரவரியில் தர்கா வளாகத்தில் வடிகாலுக்காகத் தோண்டியவர்கள் கற்பலகையிலிருந்து ஏறத்தாழ 25 அடி தள்ளி, மூன்றரை அடி ஆழத்தில் ஒரு செங்கல் அடக்கத்தைக் கண்டனர். அதுவே உண்மையான கல்லறை என்று ஏற்கப்பட்டு, அதை உள்ளடக்கிய புதிய மண்டபம் இந்திய அரசின் உதவியோடு கட்டி முடிக்கப்பட்டு 1994 டிசம்பரில் திறக்கப்பட்டது. இன்று கீழ்த்தளத்தில் அரசரின் அடக்கமும், மேல்தளத்தில் முன்பு வணங்கப்பட்ட இடத்தில் அவருடைய துணைவி ஜீனத் மகால் முதலானோரின் அடையாளக் கல்லறைகளும் உள்ளன. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தவறான இடத்தில் வணங்கினார்களே என்று இரக்கப்படுவது சரியன்று. அந்த 25 அடி தள்ளிய கூரை மட்டும் இல்லாதிருந்தால் வளாகம் வேறெதற்கோ கட்டடமாகியிருக்கும். டேவிஸின் மூங்கில் வேலி தன் வேலையை முடித்திருக்கும்.

அதன்பின் வந்தவர்கள் பெரும்பாலும் அரசுகளின் சார்பில் வந்தவர்கள். பிரதமர் ராஜீவ் காந்தி 1987 டிசம்பரிலேயே அங்கே சென்றிருந்தார். 2001இல் பாகிஸ்தானின் ஆட்சியாளர் பர்வேஸ் முஷாரப் வந்தார். 2012 மே மாதம் மன்மோகன் சிங்கும் 2017 செப்டம்பரில் நரேந்திர மோடியும் வந்தனர். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவரையே தமக்குரியவராகக் கொண்டு ஒரே மண்டபத்தில் மலர் வைக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. தில்லிக்கு வரும் அயல்நாட்டுத் தலைவர்கள் காந்தியின் நினைவிடமான ராஜ்காட்டில் மலர்வளையம் வைப்பது பயண நிரலின் நிலையான பகுதியாகிவிட்டதால் அதில் புதிய செய்தி எதுவும் இல்லை. இரங்கூனில் நிற்கும் இந்தியத் தலைவரோ விருந்தோம்பும் நாட்டின் தலைவருக்கு அன்றி, அந்நாட்டு மண்ணில் கிடக்கும் தம்மவருக்கு மரியாதை செய்கிறார். இது இராஜதந்திரச் சடங்குக்குள் அடங்காத ஒன்று.

இவ்வருகைகளுள் தமிழ் வாசகர் தனித்து எண்ணிப் பார்க்க வேண்டியது 2006 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் சென்றது. இராமேசுவரத்தில் படகோடு வாழ்ந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், முகலாயரின் அரியணை இருந்த நாட்டின் முதற்குடிமகனாகி, அம்மரபின் கடைசி அரசருக்குத் துவா ஓதினார். இரங்கூனில் அந்தக் கல்லறைக்கு முதலில் விளக்கேற்றியவர்களும் அதே கடலின் கரைகளிலிருந்து சென்ற மக்கள்தாம் என்பதை நினைத்தால், நாட்டின் சார்பில் சென்ற அந்தப் பயணம் கல்லறையைக் காத்தவர்களின் சார்பிலும் அமைந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

எதிர்த்திசையிலும் இதே கதை உண்டு. பர்மாவின் கடைசி அரசர் தீபா 1885 நவம்பரில் மாண்டலேயிலிருந்து அகற்றப்பட்டு, முதலில் சென்னையில் சில மாதங்கள் வைக்கப்பட்டு, பிறகு மேற்குக் கரையில் இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டு 1916இல் அங்கேயே இறந்தார். மியான்மர் குடியரசுத் தலைவர் தெய்ன் செய்ன் 2012 டிசம்பரில் அவர் கல்லறைக்கு வந்தார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் மன்மோகன் சிங் இரங்கூனில் நின்றார். தமிழகத்துக்குள் வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கிறது கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அடக்கம். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்டவர். தென்னகத்து நாயக்கர் வழியில் வந்தவர். 1815 பிப்ரவரியில் பிடிபட்டு, மறு ஆண்டு குடும்பத்தோடு கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் 16 ஆண்டுகள் சிறையிருந்து 1832 ஜனவரி 30 அன்று இறந்தார். கண்டி வீழ்ந்தபோது கொண்டுசெல்லப்பட்ட அவருடைய சிங்கக்கொடிதான் 1948இல் சுதந்திர இலங்கையின் கொடிக்கு அடிப்படையாயிற்று. அவருடைய அரியணை 1934இல் இங்கிலாந்திலிருந்து திருப்பித் தரப்பட்டது. அரசர் மட்டும் திரும்பவில்லை. தமிழக அரசு 1990இல் அங்கே முத்து மண்டபம் எழுப்பியது. இலங்கையிலிருந்து வரும் ஒருவர் அங்கே நிற்கும்போது, சிங்கள நாட்டின் இறுதி அரசரைத் தமிழ்நாட்டின் ஒரு நகரம் காத்துவைத்திருப்பதைக் காண்கிறார். இரு மக்களிடையே கசப்பு மிகுந்த பல ஆண்டுகளிலும் அம்மண்டபம் நின்றிருக்கிறது. அதைப் பேணுவதும், அதன் வரலாற்றைச் சிங்களத்திலும் எழுதி வைப்பதும் விருந்தோம்பும் நாட்டுக்குரிய கடமைகள்; இரங்கூன் மக்கள் பகதூர் ஷாவுக்குச் செய்ததற்குத் தமிழகம் வேறெங்கும் ஈடு செய்ய முடியாது.

இனி 1802ஆம் ஆண்டின் கப்பலுக்கு வர வேண்டும். வேங்கன் பெரிய உடையணத் தேவர் பினாங்கிலிருந்து சுமாத்திராத் தீவின் மேற்குக் கரையில் கம்பெனியின் மால்பரோக் கோட்டை இருந்த பென்கூலனுக்கு, இன்றைய பெங்குலுவுக்கு, கொண்டுசெல்லப்பட்டு அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். துரைசாமி பினாங்கிலேயே இருந்தார். கைதிகளைத் தூத்துக்குடியில் காவல் காத்தவரும், முன்பு சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றவருமான ஜேம்ஸ் வெல்ஷ் என்ற படையதிகாரி, 1818இல் பினாங்கில் அவரைச் சந்தித்தபோது இளமையிலேயே முதுமை தட்டிய ஒருவரைக் கண்டு மனம் வருந்தியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பகதூர் ஷாவுக்கு 56 ஆண்டுகள் முன்பே நடந்த இந்த நாடுகடத்தல், அதே நோக்கத்தோடு, அதே கடலைப் பயன்படுத்தியே நடந்தது. ஆயினும் இரங்கூனில் எழுந்ததைப் போன்ற ஒரு வழிபாட்டிடம் சிவகங்கை அரசரைச் சுற்றி எழவில்லை.

மக்களின் நன்றியின்மை இதற்குக் காரணம் என்று சொல்வது எளிது. நடந்தவற்றைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. பென்கூலனிலும் தமிழர் இருந்தனர், ஆனால் அவர்களில் பலர் சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்று அனுப்பப்பட்டவர்கள். 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கையின்படி பென்கூலன் டச்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, கம்பெனி தன் கைதிகளைப் பெயர்த்துக்கொண்டு சென்றது. 1825 ஏப்ரலில் அவர்களில் சென்னைக் கைதிகளின் முதல் தொகுதி சிங்கப்பூர் வந்திறங்கிற்று, அந்நகரின் சாலைகளையும் பல கட்டடங்களையும் எழுப்பிற்று. அரசரை நேரில் அறிந்தோ, அறிந்தவர் வாய்க் கேட்டோ ஒரு கல்லையாவது காட்டியிருக்கக்கூடியவர்கள் இவ்வாறு ஊரைவிட்டே அகற்றப்பட்டுவிட்டனர். 1905இல் இரங்கூன் மக்களுக்கு உதவிய செய்தித்தாள்கள் 1802இல் இல்லை. முறையிட்டுக் கேட்கும் பொதுமக்கள் கூட்டம் என்ற ஒன்றும் இல்லை. ஆக, இரங்கூனில் டேவிஸ் திட்டமிட்டும் நடவாதது பென்கூலனில் யாரும் திட்டமிடாமலே நடந்தேறியது.

கட்டபொம்மனுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் நினைவுக் கோட்டை எழுந்தது. மருதிருவரைக் காளையார்கோவிலும் திருப்பத்தூரும் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றன. தூக்கிலிடப்பட்டவர்களுக்கு மண் இருந்தது. கடல் கடத்தப்பட்ட 73 பேரின் நினைவு மட்டும் பெரும்பாலும் கம்பெனி ஆவணங்களிலும் ஆய்வாளர் நூல்களிலும் தங்கிவிட்டது. பினாங்குக்குச் சுற்றுலா செல்லும் தமிழர் இன்று ஏராளம். ஜார்ஜ் டவுனின் நாகூர் தர்காவையும் மாரியம்மன் கோயிலையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் பார்க்கும் அவர்கள், தங்களுக்கு முன் அத்துறையில் விலங்கோடு இறங்கியவர்களைப் பற்றி அறிய வழி இருக்க வேண்டும். வெல்ஷின் குறிப்புகளைத் தமிழில் பரவலாகக் கிடைக்கச் செய்வதும், 1802 பிப்ரவரி 11ஐத் தூத்துக்குடித் துறைமுகத்தின் வரலாற்று நாள்களில் ஒன்றாகப் பள்ளிப் பாடத்தில் சேர்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டதை இத்துறைமுகம் பெருமையாகச் சொல்கிறது. நூற்றாண்டுக்கு முன் அதே துறையிலிருந்து விலங்கு பூட்டப்பட்டவர்களோடு புறப்பட்ட கப்பலும் சேர்ந்தால்தான் அந்தப் பெருமைக்கு முழுப்பொருள் கிடைக்கும்.

கல்லறைக்குப் பயணம் செய்வது நினைவுகூர்வதாக மட்டும் எப்போதும் இருப்பதில்லை. சில வேளைகளில் அது ஒரு கூற்றை ஏற்பதும் ஆகும். தோக்கியோவின் ரென்கோஜி என்ற பௌத்தக் கோயிலில் 1945 செப்டம்பர் முதல் போஸின் அஸ்தி என்று கொள்ளப்படுவது வைக்கப்பட்டிருக்கிறது. ஜவகர்லால் நேரு 1957இலும், இராஜேந்திர பிரசாத் 1958இலும், இந்திரா காந்தி 1969இலும், வாஜ்பாய் 2001இலும் அங்கே சென்றனர். ஒவ்வொரு வருகையும், 1945 ஆகஸ்ட் 18 அன்று நடந்த வானூர்தி விபத்தில் போஸ் இறந்தார் என்பதை ஒப்புக்கொள்வதாகக் கொள்ளப்பட்டதால், அவர் உயிரோடிருக்கிறார் என்று உறுதியாக நம்பிய முத்துராமலிங்கத் தேவரும் அவரைப் பின்பற்றிய தென்தமிழகத்தினரும் அதை ஏற்கவில்லை. தேசிய இராணுவத்துக்கு மிகுதியான வீரர்களைத் தந்த ஒரு மக்களிடையே அந்த அஸ்தி அஞ்சலிக்குரிய பொருளாகாமல் போனது இதனால்தான். பகதூர் ஷாவின் கல்லறை முன் மலர் வைத்தவரின் சாம்பலே இப்போது அயல்நாட்டுக் கோயில் ஒன்றின் பொறுப்பில் இருக்கிறது. எண்பது ஆண்டுகளாக அதைப் பாதுகாத்து வருபவர்கள் அக்கோயிலின் குருமார்.

இவ்வகையான எச்சங்களைத் தாயகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. தில்லியின் மெஹ்ரௌலியில், குத்புத்தீன் பக்தியார் காகியின் தர்காவை ஒட்டி, பகதூர் ஷா தமக்கென்று ஒதுக்கிய இடம் இன்றும் வெறுமையாகவே கிடக்கிறது. அங்கே அவரை அடக்கம் செய்ய வேண்டும் என்பாரின் உணர்வு மதிக்கத்தக்கது. போஸின் அஸ்தியைப் பொறுத்தவரை அவருடைய மகள் அதைக் கேட்டுவருவதால் முடிவு குடும்பத்தையும் அரசையும் சார்ந்தது. பகதூர் ஷாவைப் பொறுத்தவரை பெயர்த்தெடுக்காமல் இருப்பதே முறை. இரங்கூனின் முஸ்லிம்கள், அவர்களில் தமிழ் வழியினர் உட்பட, 1960களில் வணிகம் நாட்டுடைமையாக்கப்பட்டு இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறியபோதும், பின்வந்த இராணுவ ஆட்சிகளிலும் அந்த அடக்கத்தலத்தை விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் உர்ஸ் என்ற நினைவு விழாவை நடத்தி வருகின்றனர். அவர்களிடமிருந்து அதை எடுத்து மெஹ்ரௌலியில் வைத்தால், தில்லிக்கு ஏற்கெனவே இருக்கும் நூற்றுக்கணக்கான அரச கல்லறைகளில் இன்னொன்று கூடும். இரங்கூனில் சிறுபான்மையாகச் சுருங்கிப்போன ஒரு சமூகத்துக்கோ இந்தியாவோடு எஞ்சியிருக்கும் உறவுகளில் வலுவானது அறுந்துபோகும். இந்திய அரசு செய்யத்தக்கது அம்மண்டபத்தின் பராமரிப்புக்கு நிலையான உதவி தருவதும், யாங்கோன் செல்லும் இந்தியப் பயணிகளுக்கு ஸ்வேடகோனை அடுத்த ஸிவாக்கா சாலையில் அது இருப்பதைத் தெரியச் செய்வதுமே.